சவுரிராயனின் வெல்லக்கட்டி

சவுரிராயனுக்கு நாற்பத்தாறு வயது. கூட்டேரிப்பட்டில் லாரிகளுக்கு ஸ்பிரே பெயின்ட் அடிக்கும் ஷெட்டில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர். நோயாளிகளை வீட்டில் இருந்து பார்த்துக்கொள்வது என் வேலை. நான் அவரிடம் போனபோது அவரால் படுக்க முடியவில்லை, உட்கார்ந்தேதான் தூங்கினார். மடியில் தலையணை, அதன்மேல் கைகள், முன்பக்கம் சாய்ந்த உடம்பு. மூச்சுக்குத் தவிப்பவர்கள் யாரும் சொல்லித்தராமலே இப்படித்தான் உட்காருவார்கள். மூக்கில் ஆக்ஸிஜன் குழாய். வாடகை மிஷின் மூலையில் இரைந்துகொண்டிருந்தது.

விழுப்புரத்தில் டாக்டர் ஸ்கேன் படத்தைக் காட்டி எல்லாம் சொல்லியிருந்தார். தின்னர் ஆவியும் பெயின்ட் புகையும் நுரையீரலின் சின்னச் சின்னக் காற்றுப் பைகளைத் திரும்பத் திரும்பப் புண்ணாக்கியிருக்கின்றன. புண் ஆறிய இடமெல்லாம் தீக்காயத் தழும்புபோல இறுகிவிட்டது. இனி விரியாது. மாத்திரை, மேலும் இறுகுவதைக் கொஞ்சம் தாமதப்படுத்தும்.

சவுரிராயன் அதை நம்பவில்லை. அவர் நம்பியது வெல்லத்தை. ஷெட் முதலாளி முகமூடி கொடுத்ததில்லை. சாயங்காலமானால் ஆளுக்கு ஒரு வெல்லக்கட்டி கொடுப்பார். உள்ளே போன பெயின்ட்டை அது இறக்கிவிடும் என்று அங்கே எல்லோரும் நம்பினார்கள். ஈரக் கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டால் மூச்சு முட்டுகிறது என்று இவர் அவிழ்த்துப் போட்டுவிடுவாராம். வெல்லத்தை மட்டும் ஒருநாளும் விட்டதில்லை. ஆயுதபூஜைக்குப் பெயின்ட் அடிக்க வண்டிகள் வரிசையில் நிற்கும், அதற்குள் எழுந்துவிடுவேன் என்று தினமும் என்னிடம் சொல்லுவார். நான் கேப்பைக் கூழைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பேன். வயிறு முட்டினால் மூச்சும் முட்டும்.

அவர் மனைவி ஜெசிந்தா திண்டிவனம் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் அடிப்பாகம் ஒட்டும் வேலை செய்தாள். நாள் முழுக்க சொல்யூஷன் என்கிற பசை டப்பாவுக்கு முன்னால் உட்காரும் வேலை. முதல்நாள் அவள் உள்ளே நுழைந்ததுமே சவுரிராயனுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. அவர் விரலில் மாட்டியிருந்த ஆக்ஸிஜன் அளவு காட்டும் கருவியில் எண் சரசரவென்று இறங்கியது. அவள் தலைமுடியிலும் புடவையிலும் சொல்யூஷன் வாசனை. மறுநாளிலிருந்து பின்பக்கமாக வந்து, குளித்து, புடவை மாற்றிய பிறகுதான் உள்ளே வரவேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

குளித்துவிட்டு வருபவளுக்குத் தலையணைக்கு அடியிலிருந்து ஒரு வெல்லக்கட்டி எடுத்துக் கொடுப்பார். அவள் வாயில் போட்டுக்கொண்டு அடுப்படிக்குப் போவாள். அங்கேயிருந்து இருமல் கேட்கும். வறட்டு இருமல். அதே இருமலைத்தான் தினமும் இவரிடமும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் காலையில் அவரிடம் சொல்லிவிட்டேன்.

"வெல்லம் வயித்துக்குப் போவுது. நீ இழுத்தது நெஞ்சுக்குப் போச்சு. ரெண்டும் வேற வேற வழிப்பா."

அவர் என் பக்கம் திரும்பினார். ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கவேண்டியிருந்தது.

"அப்ப... அவளுக்கும்... ஒண்ணும் பண்ணாதா?"

"பண்ணாது."

அதற்குப் பிறகு ஆயுதபூஜையைப் பற்றி அவர் பேசவில்லை. ஜெசிந்தாவை ஒட்டும் வேலையிலிருந்து பேக்கிங் பக்கம் மாற்றவேண்டும், அது ஒன்றுதான் பேச்சு.

அன்று சாயங்காலம் அவள் வந்து கையை நீட்டினாள். "இன்னா மேஸ்திரி, ஸ்டாக் இல்லையா?"

அவர் வெல்லம் எடுக்காமல், பேக்கிங் வேலை கேட்கச் சொன்னார். அவள் ஏற்கெனவே கேட்டிருந்தாள். கை சுத்தமாக ஒட்டுகிறது, அதனால் மாற்ற முடியாது என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டானாம். "இதுக்குன்னு நான் கோணையா ஒட்டணும்," என்று சிரித்தாள். சிரிப்பு இருமலில் முடிந்தது.

நீங்கள் போய்ச் சொன்னால் கேட்பார்கள் என்று சவுரிராயன் என்னை அனுப்பினார். நானும் கம்பெனி வாசலுக்குப் போனேன். சூப்பர்வைசர் மரியாதையாகத்தான் பேசினான். இருமல் என்றால் டாக்டர் சர்டிபிகேட் கொண்டுவரட்டும். ஆனால் கொண்டுவந்தால் பேக்கிங்கிலும் வைத்துக்கொள்ள மாட்டார்கள், கணக்கை முடித்து அனுப்பிவிடுவார்கள் என்றான். அவள் சம்பளத்தில்தான் அந்த ஆக்ஸிஜன் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.

அப்படியே வந்து சவுரிராயனிடம் சொன்னேன். தலையைத் தலையணையில் கவிழ்த்துக்கொண்டார். இருட்டும் நேரத்தில் ஜெசிந்தா குளித்துவிட்டு வந்ததும் மறுபடி வெல்லத்தை எடுத்து நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள்.

அடுப்படிக்குப் போய் அவளிடமும் சொன்னேன், அது மருந்தில்லை என்று.

"தெரியும் பாஞ்சாலிம்மா," என்றாள். "அவுருகிட்ட எனக்குக் குடுக்கறதுக்கு வேற இன்னா கீது?"

ஆயுதபூஜைக்கு முன்பே சவுரிராயன் இறந்துபோனார். மிஷினை மறுநாளே எடுத்துப் போனார்கள். மாதா கோயிலில் காரியம் முடிந்த அடுத்த வாரமே ஜெசிந்தா வேலைக்குப் போய்விட்டாள், அதே சொல்யூஷன் டப்பாவுக்கு முன்னால். மிஷின் வாடகைதான் இல்லையே, இனி அந்த வேலையை விட்டுவிடலாமே என்றேன். சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்று கேட்டாள். விழுப்புரம் போய் ஒரு ஸ்கேனாவது எடுத்துவிடு என்றேன். ஞாயிற்றுக்கிழமைதான் அவளுக்கு லீவு. ஞாயிற்றுக்கிழமை அந்த டாக்டர் பார்ப்பதில்லை.