கோயிலில் கைதட்டிய கியூபாக்காரர்

போன கிழமை மகன் எனக்குப் பாத்திரம் கழுவும் மெஷின் ஒன்று வாங்கிவந்து பூட்டிவிட்டுப் போனான். "அம்மா, இனி நீங்க கை நனைக்கத் தேவையில்லை" என்றான். ஊரார் சாப்பிட்ட கோப்பைகளைக் கழுவித்தான் அவனைப் படிப்பித்தேன். இப்போது என்னுடைய ஒரு கோப்பையையும் ஒரு தேத்தண்ணிக் கிண்ணத்தையும் கழுவ, இரண்டு மணித்தியாலம் முனகிக்கொண்டு ஓடுகிற மெஷின்.

முதல் தரம் கதவைத் திறந்தபோது ஆவி முகத்தில் அடித்தது. சவர்க்காரமும் வெந்த மரமும் கலந்த மணம். நான் மர அகப்பையையும் உள்ளே வைத்துவிட்டேன், வைக்கக் கூடாதாம். அது எனக்குத் தெரியாத விசயம் என்றும் சொல்ல முடியாது. முப்பது வருடத்துக்கு முன்னரே அதை ஒரு மனிதர் எனக்குப் படிப்பித்திருக்கிறார். அவர் பெயர் கிறிசாந்தோ.

பெயரைக் கேட்டுவிட்டு மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கர் என்று நினைத்துவிடாதீர்கள். நானும் முதல் நாள் அப்படித்தான் நினைத்து, தமிழில் "எப்ப வந்தனீங்கள்?" என்று கேட்டுவிட்டேன். அவர் கியூபாக்காரர். சுவிஸின் பேர்ண் நகரத்தில் ஒரு முதியோர் இல்லத்தின் நிலக்கீழ்ச் சமையலறையில் நானும் அவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று பாத்திரம் கழுவினோம். எனக்குத் தெரிந்த ஜெர்மன் நாற்பது சொல், அவருக்கு ஐம்பது. அதற்குள் எல்லாம் கதைத்தோம்.

"உங்கட தீவில சீனி இருக்கோ?" என்று ஒரு நாள் கேட்டார்.

"இருக்கு. கூப்பனுக்கு, அளந்துதான்."

"எங்கடையிலயும் அப்பிடித்தான். கரும்பு மட்டும் கடல் மாதிரி."

அதோடு நாங்கள் சொந்தக்காரர் மாதிரி ஆகிவிட்டோம்.

கோடைகாலத்துச் சனிக்கிழமைப் பின்னேரங்களில் அவர் வேறு ஆள். வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு தன் குழுவோடு ஆற்றங்கரையில் நின்று பாடுவார். சிரிப்பதற்கும் அனுமதிப் பத்திரம் வேண்டும் என்பதுபோல நிற்கிற சுவிஸ் சனம், அவர் பாட்டுக்கு இடுப்பை ஆட்டியதை நான் கண்ணால் கண்டேன். ஆட்டினார்கள் என்றா சொன்னேன்? ஆட்டுவதற்கு முயற்சி செய்தார்கள். அதுவே பெரிய காரியம். திங்கட்கிழமை காலை அந்த வெள்ளைத் தொப்பிக்காரர் நீல ஏப்ரனுக்குள் நின்று, உருளைக்கிழங்கு ஒட்டிய தட்டத்தைச் சுரண்டிக்கொண்டிருப்பார்.

ஒரு திங்கட்கிழமை தொட்டி விளிம்பில் இரண்டு கட்டைகள் கிடந்தன. ஒரு சாண் நீளம், விரல் தடிப்பு, நன்றாகத் தேய்ந்து பளபளவென்று இருந்தன. உருளைக்கிழங்கு மசிக்கிறதற்கு இந்த நாட்டில் இப்படியும் ஒரு சாமான் இருக்கிறதாக்கும் என்று நினைத்து, கரண்டிகளோடு சேர்த்துச் சமையலறையின் பெரிய கழுவும் மெஷினுக்குள் தள்ளிவிட்டேன். அந்த மெஷினின் சூட்டில் முட்டையே அவியும்.

கதவைத் திறந்தபோது அவர் பக்கத்தில்தான் நின்றார். கூடையைப் பார்த்தார். ஒரு கட்டை நீளவாக்கில் வெடித்திருந்தது. எடுத்து மற்றதோடு தட்டிக் காதுக்குப் பக்கத்தில் பிடித்தார். வாயில் துணி வைத்துக்கொண்டு கதைப்பதுபோல ஒரு சத்தம். அவருக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தவர் கொடுத்த தாளக்கட்டைகளாம் அவை. பாட்டில் எல்லாரும் அந்தக் கட்டைச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டுதான் போகவேண்டுமாம்.

நான் ஏப்ரனால் முகத்தை மூடிக்கொண்டு அழத் தொடங்கிவிட்டேன். அவர் ஏசுவார் என்று பார்த்தால், வெடித்த கட்டையை என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"கொன்றது நீ. இனி இதின்ர வேலையை நீதான் செய்யவேணும். கை தட்டு."

தண்டனை அப்படித் தொடங்கியது. அவர் கழுவிக்கொண்டு பாடுவார். நான் கோப்பை அடுக்குகிற இடைவெளியில் கை தட்டவேண்டும். மூன்று அடி, ஒரு மூச்சு, பிறகு இரண்டு அடி. கேட்கச் சின்ன விசயம். ஆனால் முதல் மூன்றில் அந்த இரண்டாவது அடி நாங்கள் எதிர்பார்க்கிற இடத்தில் விழாது. கொஞ்சம் பிந்தித்தான் வரும், எங்கட ஆட்கள் கலியாண மண்டபத்துக்கு வருகிற மாதிரி. நான் நேரத்துக்குத் தட்டிவிடுவேன். "சுவிஸ்காரி!" என்று கத்துவார். எங்கள் சமையலறையில் அதற்கு மேல் ஏச்சு கிடையாது. நாலு மாதத்தில் யாரோ கியூபாவிலிருந்து புதுக் கட்டைகள் கொண்டுவந்து கொடுத்தார்கள். அதற்குப் பிறகும் அவர் என்னை விடவில்லை. "கட்டைக்கு வெக்கம் இல்லை. உன்ர கையில வெக்கம் கேக்குது. அது நல்லாயிருக்கு" என்றார். அது புகழ்ச்சியா, பகிடியா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

இனி நான் செய்த களவுக்கு வருகிறேன்.

அந்த நாளில் எங்கள் ஓஸ்டர்முண்டிகன் கோயில் ஒரு கட்டடத்தின் நிலக்கீழ் அறையில் இருந்தது. குண்டு விழுந்தால் ஒளிப்பதற்கென்று சுவிஸ்காரர் கட்டிவைத்த அறை. குண்டுக்குப் பயந்து ஓடிவந்த நாங்கள் அதற்குள் இருந்து பஜனை பாடினோம். ஒரு வெள்ளிக்கிழமை தாளம் போடுகிறவருக்குப் பின்னேர வேலை. தாளம் அவருடைய அலுமாரிக்குள், திறப்பு அவருடைய சட்டைப்பைக்குள். "ஆராவது கையைத் தட்டுங்கோவன்" என்றார் கோயில் சபைத் தலைவர். கடைசி வரிசையில் இருந்த என் கை என்னைக் கேட்காமல் தொடங்கிவிட்டது. மூன்று, ஒரு மூச்சு, இரண்டு. முருகன் பாட்டு எழும்பி நின்றது என்றுதான் சொல்லவேண்டும். மூட்டு வருத்தம் என்று சுவரில் சாய்ந்திருந்தவர்களும் ஆடினார்கள்.

முடிந்ததும் தலைவர் வந்தார். "அக்கா, இது எந்த இடத்துத் தாளம்?"

சமையலறையில் பக்கத்தில் நிற்கிற கியூபாக்காரன் என் கையைப் பார்த்துச் சொல்லித்தந்தது என்று சொல்லலாமோ? வெள்ளிக்கிழமை சொன்னால் சனிக்கிழமை எம்மன்புரூக்கே ஊர்வரை போய்விடும், ஞாயிறு ஊஸ்டரில் இருந்து மச்சாள் போன் எடுத்து "என்னவாம்?" என்பாள். என் மனிசன் நல்லவர்தான். ஆனால் நல்லவருக்கும் காது இருக்கிறதே.

"எங்கட மட்டக்களப்புப் பக்கத்தில..." என்று இழுத்தேன்.

"ஓ, வசந்தன் கூத்தில கோலோட கோல் தட்டி அடிக்கிறதோ? கோல் அடி!" மிச்சத்தை யாழ்ப்பாணத்துக்காரர் அவரே முடித்துவைத்தார்.

"ஓம்" என்றேன். இரண்டே எழுத்துப் பொய்.

அந்தப் பொய் நன்றாக வளர்ந்தது. கோயில் மேலே பெரிய மண்டபத்துக்கு வந்தது; கைதட்டலும் கூடவே வந்தது. இங்கே பிறந்த பிள்ளைகள் நடக்கப் பழகும்போதே அதைப் பழகினார்கள். வேறு ஊர்க் கோயில்களிலிருந்து வந்து கேட்டுப் பழகிக்கொண்டு போனார்கள். நகரசபைக்கு எழுதிய கடிதத்தில் "எமது கிழக்கிலங்கைப் பாரம்பரியம்" என்று போட்டிருந்தார்களாம். நான் கடைசி வரிசையிலேயே இருந்து, பாரம்பரியத்தைப் பார்த்து வெட்கப்பட்டேன்.

கிறிசாந்தோ பிறகு பெயர் எடுத்து, இசைத்தட்டுப் போட்டு, சமையலறையை விட்டுப் போனார். நாலு வருடத்துக்கு முன்னர் காலமானார். ஆற்றங்கரையில் நினைவுக் கூட்டம் வைத்தார்கள், நானும் போனேன். நரைத்த சுவிஸ்காரர் ஒருவர் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு இடுப்பு என்று ஒன்று இருப்பதை அவர்தான் காட்டித்தந்தார்" என்று அழுதார். ஒரு ஆசிரியை, ஒரு தாதி, ஒரு பஸ் சாரதி, எல்லாரும் அவர் தமக்குத் தந்துவிட்டுப் போனதைச் சொன்னார்கள். "வேறு யாராவது?" என்று கேட்டுக்கொண்டு ஒலிவாங்கி எனக்கு முன்வரிசைவரை வந்தது. நான் குனிந்து சப்பாத்துக் கயிறு கட்டினேன். என் சப்பாத்தில் கயிறே இல்லை.

அந்த மனிதர் தந்ததை வைத்துக்கொண்டு அவர் பெயரைச் சொல்லாமல் வந்துவிட்டேனே என்பது அன்றிலிருந்து எனக்குள் கிடந்து குத்தியது. மனிசனும் போய்ச் சேர்ந்துவிட்டார். ஊஸ்டர் மச்சாளுக்கு இப்போது காது கேட்காது. இனி யாருக்குப் பயம்?

போன வருடம் துளசி வந்தாள். இங்கே பிறந்த பிள்ளை, பல்கலைக்கழகத்தில் இசை படிக்கிறாள். எங்கள் கோயில் தாளத்தைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறாளாம். போனை மேசையில் வைத்தாள்.

"அன்ரி, ரெக்கோர்ட் ஓடுது. சின்ன வயசில ஊரில ஆரிட்டப் பழகினீங்க?"

"ஊரில இல்லை பிள்ளை. பாத்திரம் கழுவுற இடத்தில."

சொல்லத் தொடங்கினேன், நிற்கவில்லை. மெஷின், வெடித்த கட்டை, இரண்டெழுத்துப் பொய், எல்லாம்.

"அப்ப முப்பது வருசமா நாங்க முருகனுக்கு கியூபாத் தாளமோ போட்டது?"

"ஓம்."

"ஏன் அன்ரி சொல்லேல்ல?"

"வெக்கம்."

"பகிடி விடாதேங்கோ!" என்று சிரித்தாள். பிறகு எழும்பி வந்து என் கையைப் பிடித்துப் பார்த்தாள், அதில் ஏதோ எழுதியிருக்கிற மாதிரி. அன்று எனக்கு நல்ல நித்திரை வந்தது.

கட்டுரை கோயில் மலரில் வந்தது. உள்ளதை உள்ளபடி எழுதியிருந்தாள். அடுத்த கிழமையே நிர்வாகசபை கூடியது. துளசி போய்ச் சண்டை பிடித்தாளாம். "முருகனுக்கு இது பிடிக்கேல்லை எண்டு ஆர் உங்களுக்குச் சொன்னது?" என்று கேட்டாளாம். தலைவர், "முருகன் ஒண்டும் சொல்லமாட்டார் பிள்ளை. நகரசபை கேட்டால் நான் என்ன சொல்லுறது?" என்றாராம்.

என்னிடம் அவரே வந்தார். நல்ல மரியாதையாகத்தான் சொன்னார்: "அக்கா, குறை நினைக்காதேங்கோ. எங்கட இல்லை எண்டு தெரிஞ்சாப்பிறகு அதை வைச்சிருக்கிறது சரியில்லைத்தானே."

இப்போது வெள்ளிக்கிழமைகளில் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று தாளம் போகிறது. ஓர் அடியும் பிந்துவதில்லை. பிள்ளைகளும் சரியாகத் தட்டுகிறார்கள். ஒருவரும் ஆடுவதில்லை. பொய்க்குள் முப்பது வருடம் சத்தமாக இருந்த மனிதர், நான் உண்மையைச் சொன்ன பிறகு கோயில் மலரில் நாற்பத்தோராம் பக்கத்தில் இருக்கிறார். வெள்ளைத் தொப்பியோடு படம் போட்டு, பெயரையும் பிழையில்லாமல் அச்சடித்திருக்கிறார்கள்.