சத்தியம் முறிச்சவங்க கூடுற ரூமு

சென்னம்மாவுக்குப் புருசன் மேல கோவம் வந்தே ரொம்ப நாளாச்சி. கோவப்படறதுக்கும் ஒடம்புல தெம்பு வாணாமா? ஆந்திரா எல்லைல நகரிக்குப் பக்கத்துல ஊரு. மாங்கா சீசன்ல ஜூஸ் பேக்டரில நின்னுக்கினே தோலு சீவி சீவி வெரலு இடுக்கெல்லாம் புண்ணு. ஊட்டுக்கு வந்தா, இவன் எந்தத் தெருவுல உழுந்து கெடக்கறான்னு தேடிக்கினு போணும்.

தணிகாசலம் பொறக்கும்போதே குடிகாரனா பொறக்கல. நெலம்னு ஒரு அடி கெடையாது, அதனால பெங்களூருக்கு சென்ட்ரிங் வேலைக்குப் போனான். அங்க மாடி மேல மாடியா ஏத்திக்கினு இருந்த காலம். ஒடம்பு வலிக்குதுன்னு சாயந்தரம் ஒரு கிளாஸ்ல ஆரம்பிச்சான். திரும்பி வரும்போது பையில ரெண்டு சட்ட, ஒடம்புல அந்தப் பழக்கம், அவ்ளோதான் சம்பாரிச்சது. ஆந்திரால கவருமெண்டு சாராயக் கடய மூடனப்போ சென்னம்மா தேங்கா ஒடச்சா. அவன் சைக்கிள மிதிச்சிக்கினு தமிழ்நாட்டுப் பக்கம் போயி குடிச்சிட்டு வந்தான். அப்பறம் கடய மறுபடி தெறந்துட்டாங்க. மிதிக்கிற வேலயும் மிச்சம்.

சத்தியம் பண்ண வெச்சவ சென்னம்மாதான். காணிப்பாக்கம் புள்ளையார் முன்னாடி பொய் சத்தியம் பண்ணவன் உருப்பட மாட்டான்னு சுத்துவட்டாரமே நடுங்கும். கொளத்துல முழுவ வெச்சி, ஈரத்துணியோட நிக்க வெச்சி, "இனிமே தொடமாட்டேன்"னு அவன் வாயால சொல்ல வெச்சா. பதினோரு நாளு தாங்கிச்சி. பன்னெண்டாம் நாளு குடிச்சான்.

அதுக்கப்பறம்தான் நெசமாவே கெட்டான். "நானு சத்தியத்த முறிச்சவன்மே. சாமி எப்டியும் என்னத் தூக்கிக்கினு பூடும். இனிமே குடிச்சா இன்னா, குடிக்காட்டி இன்னா?" பயந்து பயந்து குடிச்சவன் இப்போ தைரியமா குடிச்சான். ஈரலு வீங்கிப்போச்சி, இப்டியே போனா வருசம் தாங்காதுன்னு ஆஸ்பத்திரில சொல்லிட்டாங்க. தன் தாலிய தானே அறுத்துக்கினோமேன்னு சென்னம்மாவுக்கு உள்ள அரிச்சிக்கினே இருந்திச்சி.

பேக்டரில கூட சீவுற கிருஷ்ணம்மா ஒரு நாளு சொன்னா: "எங்கண்ணன் மூணு வருசமா தொடலக்கா. திருப்பதில ஞாயித்துக்கெழம பத்து மணிக்கு ஒரு மீட்டிங் நடக்குது. எல்லாம் குடிச்சி நிறுத்தனவங்க."

"மருந்து குடுப்பாங்களா?"

"இல்லக்கா. பேசுவாங்க."

"பேசி நிக்கிறதா இருந்தா என் வாய்க்கு எப்பவோ நின்னிருக்கணுமே!"

சொன்னாளே ஒழிய, வேற போக்கு இன்னா கீது? ஞாயித்துக்கெழம வெடிகாலைல, அவன் போத தெளிஞ்சி கை நடுங்கிக்கினு ஒக்காந்திருந்த நேரமா பாத்து பஸ் ஏத்திட்டா.

திருப்பதி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஏதோ ஸ்கூலு ரூமு. அவ்ளோதான் கிருஷ்ணம்மாவுக்குத் தெரியும். அந்த மீட்டிங்குக்கு போர்டும் கெடையாது, ஒண்ணும் கெடையாது. கேட்டாக்க ஒருத்தன் கட்சி ஆபீசுக்குக் கைய காட்டனான். ஒரு ஆட்டோக்காரன், "குடிகாரங்க மீட்டிங்கா? அது ஒயின் ஷாப்புல தெனம் நடக்குதே அத்த"ன்னு இளிச்சான்.

"ஒங்கப்பன்தான அங்க தலைவரு?"ன்னுட்டு இவ நடந்தா.

மூணாவது ஸ்கூல்ல கெடச்சிது. தடிதடியா ஆம்பளைங்க, சின்னப் புள்ளைங்க பெஞ்சில முட்டி இடிக்க ஒக்காந்துக்கினு டீ குடிச்சாங்க. தணிகாசலம் வாசப்படிலயே நின்னுட்டான்.

"லோபலிக்கி ரா நைனா, உள்ள வா"ன்னு ஒரு பெரியவரு கூப்ட்டாரு. சிவசங்கரன்னு பேரு, ரயில்வேல இருந்து ரிடையர் ஆனவரு.

"வரமாட்டேன். நீங்க சத்தியம் கேப்பீங்கோ. நானு காணிப்பாக்கத்துலயே பண்ணி முறிச்சவன்."

சென்னம்மாவுக்கு மானமே போச்சி. சிவசங்கரன் சிரிக்கல. திரும்பி, "காணிப்பாக்கத்துல சத்தியம் பண்ணி முறிச்சவங்கல்லாம் கை தூக்குங்கப்பா"ன்னாரு. பன்னெண்டு பேர்ல எட்டு கை மேல போச்சி. அவரு ரெண்டு கையையும் தூக்கனாரு. "நானு ரெண்டு தபா."

"நானு சர்ச்சில முறிச்சேண்ணா, அதுவும் சேருமா?"ன்னு மூலைலேர்ந்து ஒருத்தன் கேட்டான்.

தணிகாசலம் முழிச்சான். "அப்போ சாமி ஒங்கள ஒண்ணும் பண்ணலியா?"

"நமக்கு நாமளே பண்ணிக்கினது போதாதா? இங்க சத்தியமே கெடையாது நைனா. இன்னிக்கி படுக்கிற வரிக்கும் குடிக்காத இரு. நாளைக்கி கத நாளைக்கி."

"படுக்கிற வரிக்கும்தானா?"

"அதுவே எவ்ளோ நீளம்னு பாப்ப, வா."

உள்ள போனான். சென்னம்மா வெளிய படிக்கட்டுல ஒக்காந்தா. ஒரு பொம்பள வந்து, குடிக்கிறவங்க பொண்டாட்டிங்களுக்கும் தனியா மீட்டிங் இருக்குதுன்னு கூப்ட்டா. "குடிக்காத எனக்கு எதுக்குமா மீட்டிங்? தூங்க எடம் இருந்தா சொல்லு"ன்னு செவுத்துல சாஞ்சவ அப்டியே தூங்கிப்போனா.

அவன்தான் தட்டி எழுப்புனான். அவன் அவள எழுப்பி எத்தினி வருசமாச்சோ.

"உள்ள இன்னாயா சொன்ன?"

"பேர சொன்னேன். குடிகாரன்னு சொன்னேன். அப்பறம் அழுவ வந்துடுச்சி."

"ஊரே சொல்லிக்கினு கீது. அத நீ சொல்றதுக்குத் திருப்பதி வரணும்."

பஸ் ஸ்டாண்டுல கூட்டத்துல நின்னுக்கினு இருந்தப்போ அவன் மெதுவா சொன்னான்: "வர வாரம் நீ வராதமே. லீவு நாளு, தூங்கு. நானே வந்துக்கறேன்."

"ஏன்யா, இங்கேருந்து அந்த ஸ்கூலு வரிக்கும் எத்தினி ஒயின் ஷாப்பு கீது தெரியுமா? நாலு. நானு எண்ணிக்கினுதான் வந்தேன்."

"அஞ்சு"ன்னான் தணிகாசலம். "சந்துக்குள்ள ஒண்ணு கீது."

சென்னம்மா அவன் மூஞ்சியவே பாத்தா. அப்பறம், "சரி, ரெண்டு பேரும் வரலாம்"ன்னுட்டு, அவன் கைய இறுக்கிப் புடிச்சிக்கினு பஸ்ல ஏறுனா. இருட்டறதுக்கு இன்னும் ஆறு மணி நேரம் இருந்திச்சி. படுக்கறதுக்கு அதுக்கும் மேல.