அப்பாவைச் சாப்பிட்ட மிருகத்துக்குச் சிவப்புச் சீட்டு

ஒன்பது வயதில் எனக்கு வீட்டில் ஒரு பதவி கிடைத்தது. அப்பா வேலை பார்த்த கார் பாகத் தொழிற்சாலையில் ஒரு வழக்கம் உண்டு. லைனில் தேவையில்லாத பொருள் எது கண்ணில் பட்டாலும் அதில் சிவப்புச் சீட்டு ஒன்றைக் கட்டித் தனியாக வைத்துவிடுவார்கள். ஏழு நாளுக்குள் யாராவது வந்து தனக்கு வேண்டும் என்று கையெழுத்துப் போட்டு எடுக்காவிட்டால் பொருள் வெளியே போய்விடும். இதை ஒழுங்காகச் செய்ததற்காக அந்த வருடம் அப்பாவின் பிரிவுக்கு ஒரு கேடயமும் ஆளுக்கொரு எவர்சில்வர் டப்பாவும் கொடுத்தார்கள். டப்பாவோடு சீட்டுப் புத்தகம் ஒன்றையும் அப்பா கொண்டுவந்தார். ஒரகடத்தில் நாங்கள் குடியிருந்த இரண்டு அறை வீட்டில் தேவையில்லாத பொருள் இருக்கிறது என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரியவந்தது.

என் கையெழுத்து அழகாக இருந்ததால் புத்தகம் என்னிடம் வந்தது. பொருள், இருந்த இடம், காரணம், தேதி என்று நான்கு கோடுகளை நிரப்பி, துளையிட்ட ஓரத்தில் கிழித்துக் கட்ட வேண்டும். அதே விவரம் அடிக்கட்டையில் தங்கிவிடும். சீட்டு கட்டிய பொருள்கள் மாடிப்படிக்குக் கீழே ஓர் அட்டைப்பெட்டியில் சேரும். ஞாயிறு பூசை முடிந்து வந்ததும், ஏழு நாள் கடந்தவற்றை அப்பா சாக்கில் கட்டிக் காயலான் கடைக்காரரிடம் கொடுப்பார். தேதியை மட்டும்தான் பார்ப்பார். பொருளைப் பார்த்தால் எல்லாமே வேண்டும்போலத் தோன்றும் என்பது அவர் கட்சி.

அம்மாவுக்கு இந்த ஏற்பாட்டில் மரியாதை இல்லை. ஒரு நாள் பகல் அப்பா படுத்திருந்தபோது என்னைக் கூப்பிட்டு, "போய் உங்கப்பா கால் கட்டவெரல்ல ஒண்ணு கட்டிட்டு வா. காரணம், எடத்த அடைக்குதுன்னு போடு" என்றார். நான் பூனைபோலப் போய்க் கட்டினேன். கண்ணைத் திறக்காமலே அப்பா சொன்னார்: "தேதி போடலயே." அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நான் தேதி போட்டேன்.

வீட்டில் எல்லாமே ஷிப்ட் கணக்கில் நடந்தது. ஒரு வாரம் காலை, ஒரு வாரம் மதியம், ஒரு வாரம் இரவு. இரவு ஷிப்ட் வாரத்தில் அப்பா காலை ஏழரைக்குக் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கி, குளித்து, சாப்பிட்டு, ஜன்னலில் ஆணியடித்துத் தொங்கவிட்ட கறுப்புப் போர்வைக்கு இந்தப் பக்கம் படுத்துக்கொள்வார். அதன்பிறகு மாலை வரை குக்கர் விசில் கூடாது. டிவி படம் மட்டும் காட்டும். தெருவில் விளையாடும் பிள்ளைகளை அம்மா ஜாடையிலேயே திட்டுவார். நாங்கள் கால்விரலில் நடந்தோம்.

இந்த அமைதியில் உட்கார முடியாமல் தவித்தது அக்காதான். அவள் சென்னையில் ஓவியக் கல்லூரியில் கடைசி வருடம். காலையில் ஷேர் ஆட்டோவில் சிங்கப்பெருமாள் கோவில் போய் ரயில் பிடித்தால் வீடு திரும்ப இருட்டிவிடும். அந்த மாதம் இறுதி ஜூரி, வகுப்பில்லாமல் வீட்டிலிருந்தே வரைந்தாள். இல்லாத உலகம் ஒன்றை உண்டாக்கி, அதன் ஊர், தெரு, உடுப்பு, மிருகம் எல்லாவற்றையும் பன்னிரண்டு தாள்களில் வரைந்து ஆசிரியர்கள் முன் வைக்க வேண்டும். கம்ப்யூட்டர் விளையாட்டு தயாரிக்கும் கம்பெனி ஒன்றிலிருந்து ஆள் வந்து பார்த்து, இருவரை வேலைக்கு எடுத்துக்கொள்வார்களாம். அந்த இருவரில் அக்கா இல்லாவிட்டால் அம்மா போகும் மொபைல் கம்பெனியில் அவளுக்கும் ஓர் இடம் சொல்லி வைத்திருந்தார்கள்.

அக்கா உண்டாக்கிய உலகத்தில் மூன்று சூரியன்கள் இருந்தன. ஒன்று இறங்கும்போது அடுத்தது ஏறும்.

"அப்போ ராத்திரியே வராதா?" என்று கேட்டேன்.

"வராது."

"அங்க கீறவங்க எப்பதான் தூங்குவாங்க?"

"அததான்டி யோசிச்சினுகீறேன். தொல்ல பண்ணாத, போ."

யோசனை அவளை ஓரிடத்தில் இருக்க விடவில்லை. பத்துக் கோடு போடுவாள், எழுந்து தண்ணீர் குடிப்பாள், மாடிக்குப் போவாள். வாலாஜாபாத் சாலை ஓரம் வரிசையாக நிற்கும் லாரிகளைப் பார்த்துவிட்டு வருவாள். புதுக் கார்களை இரண்டடுக்காக ஏற்றிச் செல்லும் நீள லாரியின் எலும்புக்கூட்டையும், ஏரிக்கரையில் மண்டியிட்டு எழும் எருமையின் முட்டியையும் ஒரே நோட்டில் வரைந்து வைத்திருந்தாள். இரண்டையும் கலந்த சிறிய கறுப்பு உருவங்களாகவே நாலைந்து பக்கம். அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, பெரிய கெட்டித் தாளில் மூன்று வாரம் வண்ணம் பூசினாள்.

அது ஆறு கால் மிருகம். வயிற்றை வெட்டித் திறந்ததுபோல் உட்புறமும் வரைந்திருந்தாள். மிருகம் எவ்வளவு பெரியது என்று பார்ப்பவருக்குத் தெரிய, பக்கத்தில் ஓர் ஆளை வரைய வேண்டும் என்பது அவர்கள் படிப்பின் விதி. அக்கா அந்த ஆளைப் பக்கத்தில் நிறுத்தாமல் வயிற்றுக்குள் வைத்திருந்தாள். இருட்டில் மல்லாந்து கிடந்த ஆளின் கழுத்தில் நீலப் பட்டையில் அடையாள அட்டை. காலடியில் சாப்பாட்டுப் பை. வலது புருவத்தில் வெட்டுக்காயத் தழும்பு. அந்தத் தழும்பை எனக்குத் தெரியும்.

அவர் தூங்குகிறாராக்கும் என்று முதலில் நினைத்தேன். குனிந்து பார்த்தபோது கண்கள் திறந்திருந்தன.

இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்பா வேலைக்குக் கிளம்பும் நேரமெல்லாம் அவர் பையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். வயிற்றில் பூச்சி என்று அம்மா மருந்து கொடுத்தார். மூன்றாம் நாள், பொறுப்பில் இருப்பவள் செய்ய வேண்டியதைச் செய்தேன். கட்டிலடியிலிருந்து தாளை உருவிச் சுருட்டி, சீட்டு கட்டி, பெட்டியில் பழைய பாய்க்கு அடியில் செருகினேன். ஏழு நாள் காத்திருக்கத் தைரியமில்லை. தேதியை ஒரு வாரம் முன்னதாகப் போட்டேன். அப்பா கொடுத்த பதவியில் நான் செய்த முதல் மோசடி அதுதான். ஞாயிறன்று சாக்கு போனது. எனக்குப் பசி எடுத்தது.

செவ்வாய் காலை அக்கா தாள்களை எண்ணினாள். பதினொன்று. புதன் ஜூரி. போனில் படம் இருந்தது, ஆனால் ஜூரிக்கு அசல் வேண்டும். அவள் அழவில்லை. கட்டிலைத் தூக்கினாள், பீரோவை நகர்த்தினாள், நகர்த்திய இடத்தையே மறுபடி நகர்த்தினாள். அப்பா ஷிப்ட் முடிந்து வந்து வாசலில் நின்று இதைப் பார்த்தார். தொழிற்சாலையில் ஒரு பொருள் காணாமல் போனால் முதலில் எங்கே தேடுவார்களோ அங்கே தேடினார். என் சீட்டுப் புத்தகத்தை எடுத்துப் பின்னாலிருந்து புரட்டினார். அடிக்கட்டையில் அழகான கையெழுத்தில் இருந்தது: 'பொருள்: ராட்சச மிருகம். இடம்: கட்டிலடி. காரணம்: அப்பாவைச் சாப்பிடுகிறது.'

அதை இரண்டு முறை படித்தார். அடிப்பார் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"வண்டில ஏறுங்க ரெண்டு பேரும்" என்றார்.

காயலான் கடை சாலைக்கு அந்தப் பக்கம், தகரக் கொட்டகை. எடை போட்ட அட்டைக் கட்டுகள் மலையாகக் கிடந்தன. லோடு ஏற்ற வண்டி வந்து நின்றிருந்தது.

"இன்னா சார், ஞாயித்துக்கெயம நீயே குட்த்துட்டு இன்னிக்கு வந்து கேக்கற? ரெண்டு லோடு போய்ட்ச்சே."

"படம்ப்பா. பெரிய தாளு. பூதம் மாதிரி இருக்கும்."

"பூதமா? அத மொதல்லயே சொல்றதுக்கின்னா?" அவர் உள்ளே கை காட்டினார். "நல்ல கெட்டிப் பேப்பரா கீதேன்னு மாட்டிட்டேன். மூஞ்சில சுள்ளுனு வெயில் அட்ச்சிகினு இருந்துச்சி."

கொட்டகையின் ஜன்னலில் மிருகம் தொங்கிக்கொண்டிருந்தது. நான்கு மூலையிலும் ஆணி. பின்னாலிருந்து வெயில் பட்டதால் மிருகம் முழுவதும் சிவந்திருந்தது. வயிறு மட்டும் இருட்டு. கடைக்காரர் ஆணியைப் பிடுங்கிக்கொண்டே படத்தையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உள்ள பட்த்துனுகீறது நம்ம சாரு மாரியே கீது. ஆனா இன்னா, பட்த்துகினும் முய்ச்சிகினு கீறாரே!"

அப்பா படத்தின் அருகே போனார். இரவெல்லாம் நின்று வேலை பார்த்தவர், அங்கேயும் நின்றுகொண்டே இருந்தார்.

"அது திங்கலப்பா" என்றாள் அக்கா. என்னைப் பார்க்காமல், அவரைப் பார்த்து. "அந்த ஊர்ல இருட்டே கெடையாது. ஷிப்ட் முடிஞ்சவங்கள உள்ள படுக்க வெச்சி தூக்கினு போவும். அவ்ளோதான்."

அப்பா தலையசைத்தார். "காத்து வருமா உள்ள?"

"வரும். விலாவுல வழி உட்டிருக்கேன், பாரு."

"எல்லாம் சரியாத்தான் இருக்கு." பிறகு கடைக்காரருக்குக் கேட்காத குரலில் சொன்னார்: "கண்ண மட்டும் மூடிடேன்மா."

அக்கா தாளைச் சுருட்டினாள். "மூட முடியாதுப்பா" என்றாள். ஏன் என்று அவர் கேட்கவில்லை. எனக்கு அக்காமேல் கோபம் வந்தது. இரண்டு புள்ளி அழித்து இரண்டு கோடு போட எவ்வளவு நேரமாகும்?

புதன்கிழமை படம் நான்கு ஆணி ஓட்டைகளோடு ஜூரிக்குப் போனது. ஓட்டை எதற்கு என்று ஆசிரியர் ஒருவர் கேட்டாராம். அது ஜன்னலில் தொங்க வேண்டிய படம் என்று அக்கா சொல்லியிருக்கிறாள். விளையாட்டுக் கம்பெனிக்காரர்கள் எடுத்துக்கொண்ட இருவரில் அவள் ஒருத்தி. முதல் சம்பளத்துக்கு முன்பே அதே மிருகத்தைச் சிறிய தாளில் வரைந்து அப்பாவுக்குக் கொடுத்தாள். அதில் கண்கள் மூடியிருந்தன. அதுதான் நல்ல படம் என்று நான் சொன்னேன். அப்பாவும் ஆமாம் என்றார். சுவரில் மாட்டினோம். சீட்டுப் புத்தகம் பரணுக்குப் போனது. அதற்கு யாரும் சீட்டு கட்டவில்லை.

இப்போது எனக்கும் இரவு வேலைதான். காலையில் திரும்பி வந்து, ஜன்னலில் கறுப்புத் துணியை இழுத்துவிட்டுப் படுக்கிறேன். பக்கத்து வீட்டில் குக்கர் எத்தனை விசில் அடிக்கிறது, பால்காரர் எந்த வீட்டில் நிற்கிறார், மாடிப்படியில் யார் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஏறுகிறார்கள் எல்லாம் படுத்தபடியே எனக்குத் தெரியும்.

ஒன்பது வயதில் இது தெரியாது. அப்பாவின் கால் கட்டைவிரலில் சீட்டு கட்டிய மறுநாள் பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்: எங்கப்பாவுக்கு நல்லாத் தூங்கும்போதுகூட எல்லாம் காது கேட்கும் என்று.