கயிறு கட்டும்வரை

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். உங்களை நம்பவைத்து எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆனால் இதில் ஒரு வார்த்தைகூட நான் இட்டுக்கட்டவில்லை. இட்டுக்கட்டத் தெரிந்திருந்தால் நல்லதாக ஒரு முடிவைச் சேர்த்திருப்பேன்.

நான் பேய்க்குப் பயந்தவள் இல்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று மற்றவர்களைக் கேலி செய்தே வளர்ந்தவள். ஒரு சின்னத் துறைமுக ஊரின் விருந்தினர் விடுதி அலுவலகத்தில் அப்போது வேலை பார்த்தேன். வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு ஊரைச் சுற்றிக் காட்டுவது என் பொறுப்பு. காட்டுவதற்கு அங்கே பெரிதாக ஒன்றும் கிடையாது என்பது வேறு விஷயம். காலையில் மீன் ஏலம். அப்புறம் கலங்கரை விளக்கம் ஏறுதல். பாதிப் படியிலேயே பாதிப் பேர் உட்கார்ந்துவிடுவார்கள். நான்கு மணிக்குப் படகு சவாரி. ஆறு மணிக்கு மணி அடித்தல்.

இந்த மணியைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

படகுத்துறையின் நுனியில், ஒரு சின்ன ஓட்டுக் கூரையின் கீழ் அது தொங்கியது. பெரிய வெண்கல மணி. நாக்கில் கட்டிய கயிற்றைப் பிடித்து இழுத்தால் நெஞ்செலும்பு அதிரும். எஞ்சின் இல்லாத காலத்தில், பனிமூட்டம் இறங்கினால் இதை அடித்துத்தான் படகுகளைக் கரைக்குக் கூப்பிடுவார்களாம். துறைமுகத்துக்குள் நுழைகிற வாசல் குறுகல். இரண்டு பக்கமும் பாறை. கண் தெரியாத மூட்டத்தில் காதுதான் வழி. படகில் இருப்பவர்கள் கொம்பு ஊதிப் பதில் சொல்வார்களாம். பிறகு சைரன் வந்தது, மணிக்கு ஓய்வு கிடைத்தது. அப்புறம் சைரனும் கெட்டுப்போனது. அதைப் பழுது பார்க்க யாருக்கும் நேரமில்லை.

"சாயங்காலத்துக்கு ஒண்ணுமே இல்லையே. கெஸ்டுங்க ரூம்ல உக்காந்து புகார் எழுதறாங்க" என்று எங்கள் மேனேஜர் ஒரு நாள் தலையைச் சொறிந்தார். மறுநாளே வாசல் போர்டில் ஏறிவிட்டது: 'துறைமுக மணியை நீங்களே அடியுங்கள்!' ஆளுக்கு மூன்று இழுப்பு, ஒரு போட்டோ. வரிசையைச் சமாளிப்பது நான். சீசன் முழுக்கக் கூட்டம் தாங்கவில்லை.

ஒருத்திக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. என் தங்கை.

விருந்தினர் படகை ஓட்டுவது அவள்தான். அப்பா அம்மா போன பிறகு எனக்கு இருக்கிற ஒரே சொந்தம். நான் தரையிலேயே தடுக்கி விழுகிற ரகம். அவள் ஆடுகிற படகில் நின்றுகொண்டே தலை பின்னுகிற ரகம்.

"அக்கா, இந்த விளையாட்டு வேணாம். மணி சத்தத்துக்குக் கடல்லேர்ந்து ஒருத்தன் பதில் குடுத்துட்டா, அவன் வந்து துறையில படகுக் கயிறு கட்டற வரைக்கும் நிறுத்தக் கூடாது. அது படகுக்காரங்க வழக்கம்."

"கடல்லதான் யாருமே இல்லையேடி. யார் பதில் குடுக்கப் போறது, சுறாவா?"

"யாரும் இல்லன்னு உனக்கு யார் சொன்னா?"

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

அன்று சீசனின் கடைசி வாரம். காற்றே இல்லை. வார விடுமுறை என்பதால் ஊர்ப் படகுகள் எதுவும் கடலுக்குப் போகவில்லை, காலையில் ஏலமும் நடக்கவில்லை. விருந்தினர் படகில் மட்டும் ஒன்பது பேர் ஏறினார்கள். அதில் ஒரு ரிட்டயர்டு வாத்தியாரும் அவர் மனைவியும். "மேடம், நனைவோமா? மேடம், ஆடுமா?" என்று காலையிலிருந்து என்னைத் துளைத்தெடுத்தவர்கள். "ஆடாத படகு ஷோகேஸ்லதான் சார் இருக்கும்" என்று சொல்லி ஏற்றிவிட்டேன். நான்கு பத்துக்குக் கிளம்பினார்கள். தங்கை வழக்கம்போலத் திரும்பிப் பார்க்காமல் கையை மட்டும் ஆட்டினாள்.

நான்கே முக்கால் இருக்கும். அலுவலக ஜன்னலில் கடல் இருந்தது. ஒரு போன் பேசிவிட்டுத் திரும்பினேன்.

கடல் இல்லை.

ஜன்னல் முழுக்க வெள்ளை. எதிர்க் கட்டடமும் இல்லை, கொடிக்கம்பமும் இல்லை. படகுத்துறைக்கு ஓடினேன். நுனிக்குப் போய்ச் சேர்ந்தபோது என் செருப்பே எனக்குத் தெரியவில்லை. தங்கையின் போனுக்கு அடித்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. மறுபடி அடித்தேன். அதே குரல். அந்தக் குரலின் கழுத்தை நெரிக்கலாம் போலிருந்தது.

வாட்ச்மேன் பின்னாலேயே ஓடி வந்தார்.

"வாசல் தவறினா ரெண்டு பக்கமும் பாறைம்மா..."

"எனக்குத் தெரியாதா? போய் ஆளைக் கூட்டிட்டு வாங்க!"

அவர் ஓடினார். நாலு எட்டில் அவரையும் வெள்ளை விழுங்கிவிட்டது.

நான் மட்டும் நின்றேன். வேறு என்ன செய்ய? கயிற்றைப் பிடித்தேன்.

டாங்...

காத்திருந்தேன்.

டாங்...

ஒவ்வொரு அடிக்கும் நடுவில் மூச்சைப் பிடித்துக்கொண்டு காதைத் தீட்டினேன். தண்ணீர் தூண்களில் மோதுகிற சத்தம் மட்டும் வந்தது. கை காந்தத் தொடங்கியது. மணி ஐந்தைத் தாண்டியது.

டாங்...

பூ...ம்.

எங்கேயோ தூரத்தில். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "இருக்கா! இருக்கா!" என்று தனியாகக் கத்தினேன். கண்ணில் நீர் முட்டியது. இன்னும் வேகமாக இழுத்தேன்.

பூ...ம்.

இப்போது கொஞ்சம் பக்கத்தில். அப்போதுதான் கவனித்தேன். தங்கையின் படகில் இருப்பது பேட்டரி ஹாரன். லாரி ஹாரன் மாதிரி ஒரே வெட்டாக 'பேம்' என்று கத்தும். இது அப்படி இல்லை. இது வாயால் ஊதுவது. நீளமாக இழுத்து, மூச்சுத் தீர்ந்து, கடைசியில் நடுங்கி நின்றது.

வேறு ஏதோ படகு என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் எந்தப் படகு? எல்லாம் கரையில்தானே கட்டிக் கிடக்கின்றன?

டாங்...

பூ...ம். இது இடது பக்கம். அங்கே படகு வரவே முடியாது. வெறும் பாறை.

டாங்...

பூ...ம். வலது பக்கம்.

டாங்...

மூன்று. நான்கு. அதற்கப்புறம் நான் எண்ணவில்லை. ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல், வகுப்பில் ஆஜர் சொல்கிற மாதிரி வரிசையாகப் பதில் வந்தது. ஒவ்வொரு தடவையும் பக்கத்தில் வந்தது. கூடவே ஒரு வாடை. மக்கிப்போன கயிறு, சேறு, வெகுநாள் மூடிக்கிடந்த அறை...

எனக்குக் கீழே மரம் மரத்தில் மோதியது.

டொக்.

ஈரக் கயிறு வந்து விழுகிற சத்தம். சளப். அந்தச் சத்தம் எனக்குப் பிறந்ததிலிருந்து பழக்கம். கயிறு மாட்டும் இரும்புத் தூண் என் காலடியில்தான் இருந்தது. குனிந்து பார்த்தேன். தூணில் கயிறு இல்லை. ஆனால் கயிறு இறுகி முறுகுகிற சத்தம் மட்டும் கேட்டது.

கிர்ர்...

என் கை தானாக நின்றுவிட்டது.

மணி நின்றது.

கொம்புகளும் நின்றன. ஒரு நொடி... இரண்டு நொடி... பிறகு எல்லாம் ஒன்றாக ஊதின. பதில் மாதிரி இல்லை. கதறல் மாதிரி இருந்தது. கோபமும் இருந்தது அதில். அந்தக் கதறலுக்குப் பின்னால், ரொம்பத் தூரத்தில், மெல்லிசாக...

பேம்.

என் தங்கை!

பேம். பேம்.

அந்தச் சத்தம் வாசலைவிட்டு விலகிப் போனது. இடது பக்கமாக. பாறைப் பக்கமாக. நான் நிறுத்தியதால் அவளுக்குத் திசை தெரியவில்லை.

அடித்தால் இவர்கள் எல்லோரும் கரையேறுவார்கள். நிறுத்தினால் அவள் பாறையில்.

நான் யோசிக்கவே இல்லை. பேய் வரட்டும், பிசாசு வரட்டும், என் தங்கை வந்தாக வேண்டும். கண்ணை இறுக மூடிக்கொண்டேன். இழுத்தேன்.

டாங்... டாங்... டாங்...

டொக். சளப். கிர்ர்...

டொக். சளப்.

துறையின் இரும்பு ஏணியில் யாரோ ஏறினார்கள். நிதானமாக. அவசரமே இல்லாமல்.

பலகையில் காலடி. ஈரக் காலடி.

இன்னொன்று.

இன்னொன்று...

என் பின்னால் வந்து நின்றது.

மூச்சுச் சத்தம் இல்லை. நீர் சொட்டுகிற சத்தம் மட்டும்.

சொட்... சொட்...

"அவ வரட்டும்" என்றேன். யாரிடம் சொன்னேன் என்று தெரியாது. "என் தங்கச்சி வரட்டும்..."

சொட்...

என் கை ஓய்ந்துபோனது. இனி ஒரு தடவைகூட இழுக்க முடியாது என்று தோன்றியது.

அப்போது கயிறு லேசானது.

என் கைகளுக்குக் கீழே வேறு யாரோ பிடித்து இழுத்தார்கள்.

நான் கண்ணைத் திறக்கவில்லை.

"அக்கா!" என்று ஒரு குரல். பக்கத்தில்! "அக்கா, கேக்குது! நிறுத்தாத! அடி, அடி!"

எஞ்சின் சத்தம். படகின் டயர் துறையில் உரசுகிற சத்தம். யாரோ அழுதார்கள், யாரோ சிரித்தார்கள், யாரோ கடவுளைக் கூப்பிட்டார்கள். எல்லாம் உயிருள்ள சத்தம். ஆனாலும் நான் அடித்துக்கொண்டே இருந்தேன். தங்கை வந்து என் கையைப் பிடித்துப் பிரித்தெடுத்த பிறகுதான் கண்ணைத் திறந்தேன்.

வெள்ளை மூட்டம். என் தங்கையின் முகம். வேறு ஒருவரும் இல்லை. நான் நின்ற இடத்தைச் சுற்றிப் பலகையில் மட்டும் தண்ணீர் குளம் கட்டியிருந்தது.

ஒன்பது பேரும் பத்திரம். வாட்ச்மேன் டார்ச்சும் ஆட்களுமாக வந்து சேர்ந்தபோது ஐந்து ஐம்பது. நானும் தங்கையும் அத்தனை பேர் முன்னாலும் கட்டிப்பிடித்து ஓவென்று அழுதோம். எனக்கு வெட்கமாகவே இல்லை. நடந்தது எதையும் அன்று நான் யாரிடமும் சொல்லவில்லை. களைப்பு, பயம், காதுக்குள் மணி ஓசை. எல்லாம் சேர்ந்து மூளை ஏதோ பண்ணிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைக்கத்தான் ஆசைப்பட்டேன்.

மறுநாள் காலை வாத்தியாரும் மனைவியும் ஊருக்குக் கிளம்புமுன் அலுவலகத்துக்கு வந்தார்கள். திட்டப்போகிறார்கள் என்று நினைத்தேன். வாத்தியார் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"ஆனாலும் அந்த ஏற்பாடு பிரமாதம் மேடம்."

"எது சார்?"

"ரெண்டு பக்கமும் வரிசையா நின்னு கை குடுத்து இறக்கிவிட்டாங்களே. பழைய காலத்து டிரஸ் எல்லாம் போட்டுக்கிட்டு."

என் கையை அவர் கையிலிருந்து உருவிக்கொண்டேன்.

அவர் மனைவிக்கு மட்டும் மனசு ஆறவில்லை. "கைதான் ஐஸா இருந்துச்சு. பாவம், அவ்வளவு பேரையும் எவ்வளவு நேரம் நனைய விட்டீங்க?"

"எத்தனை பேர் இருந்தாங்கம்மா?"

"எங்க எண்ணறது? மூட்டத்துல வரிசை முடியவே இல்லையே."

அவர்கள் போனதும் வாசல் போர்டிலிருந்த மணி நிகழ்ச்சியை என் கையாலேயே அழித்தேன். மேனேஜர் ஏன் என்று கேட்டார். நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

அன்று சாயங்காலம் வீட்டில் தங்கை வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் கேட்டே விட்டேன்.

"நேத்து நீயும் அவங்களைப் பாத்தியா?"

கத்தி நின்றது. "பாத்தேன்க்கா. உதவிக்கு வந்த ஊர்க்காரங்கன்னுதான் நெனச்சேன். மூட்டத்துல முகம் தெரியல."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"உன்னைச் சுத்திதான நின்னாங்க, உனக்குத் தெரியும்னு நெனச்சேன்." கத்தியைக் கீழே வைத்தாள். "ஒருத்தர் மட்டும் பேசினார்."

"என்ன பேசினார்?"

"'தினமும் சாயங்காலம் கூப்பிட்டுக் கூப்பிட்டு பாதியில நிறுத்தறது யாரு?'ன்னு கேட்டார். எனக்கு ரோஷம் வந்துடுச்சு. அது எங்க அக்காதான், ஆனா இன்னிக்கு அவ நிறுத்தல, அவதான் எங்களைக் கரை சேத்தான்னு சொன்னேன். பெருமையா சொன்னேன்க்கா."

"அப்புறம்?"

"வீடு எங்கன்னு கேட்டார்."

அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். வெங்காயத்தால் இல்லை.

"நன்றி சொல்ல வருவார்னு நெனச்சேன்க்கா. ஏழு மணிக்கு மேல வீட்லதான் இருப்பான்னு... அதையும் சொல்லிட்டேன்."

அதற்கப்புறம் மூன்று ஊர் மாறிவிட்டோம். எந்த ஊரிலும் கடல் கிடையாது. இருந்தாலும் ஏழு மணிக்கு மேல் நான் வீட்டில் இருப்பதில்லை. பஸ் ஸ்டாண்டு, ஆஸ்பத்திரி வராந்தா என்று வெளிச்சமும் ஆளும் இருக்கிற இடமாகப் பார்த்து உட்கார்ந்துவிட்டு, விடிந்ததும் திரும்புவேன். தங்கை என்னோடு வர மாட்டேன் என்கிறாள். "அவங்க கேக்கறது உன்னைத்தானே, யாராவது இருந்து 'இல்ல'ன்னு சொல்லணும்" என்கிறாள்.

காலையில் கதவைத் திறந்ததும் "யாராவது வந்தாங்களா?" என்று கேட்பேன். சில நாள் இல்லை என்பாள். சில நாள் ஒன்றும் சொல்லாமல், குனிந்து தரையைத் துடைத்துக்கொண்டிருப்பாள்.