பன்னிரண்டு நிமிடம்

தாம்பரத்தைத் தாண்டி உள்ள ஒரு மருத்துவக் கல்லூரியில் விபத்துச் சிகிச்சைப் பிரிவை நடத்துகிறேன். எனக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது அறுவைக் கத்தி அல்ல, டேப்லெட் கணினியில் நானே செய்த ஒரு கருவி. அடிபட்டவர் வந்த நேரம், டாக்டர் பார்த்த நேரம் இரண்டையும் அதில் போட வேண்டும். இடைவெளி இருபது நிமிடத்தைத் தாண்டினால் கட்டம் சிவப்பாகிவிடும். காலைக் கூட்டத்தில் அந்தச் சிவப்புக்குரிய, பணியில் டாக்டராக இருந்த பி.ஜி. மாணவரை நிற்க வைத்து விளக்கம் கேட்பேன். விளக்கம் என்பது மரியாதைக்குச் சொல்வது. கிழித்துத் தொங்கவிடுவேன்.

கொஞ்ச நாளில் திரை முழுக்கப் பச்சை. அதைப் பற்றி மருத்துவ இதழில் கட்டுரை எழுதினேன். ஊர் ஊராகப் போய்ப் பேசினேன். கண்டிப்பு இருந்தால் எதுவும் நடக்கும் என்று மேடையில் சொல்லிவிட்டு நிறுத்துவேன், கைதட்டுவார்கள்.

போன வருடம் பெரும்பாக்கம் குடியிருப்பிலிருந்து ஒரு பெண் தன் கணவரைக் கொண்டுவந்தார். பைக்கில் போனவரைத் தண்ணீர் லாரி இடித்து, முழங்காலுக்குப் பின்னால் ரத்தக்குழாய் அறுந்திருந்தது. காலைக் காப்பாற்ற முடியவில்லை, எடுத்துவிட்டேன். மூன்றாம் நாள் வார்டில் அந்தப் பெண் என்னை மறித்தார்.

“ஒன்னரை மணி நேரம் ஸ்ட்ரெச்சர்லயே போட்டு வெச்சிருந்தாங்க சார். கால் சில்லுனு கீது, வந்து பாருங்கன்னு கத்திகினே இருந்தேன். ஒருத்தரும் வர்ல.”

நான் டேப்லெட்டைத் திறந்தேன். பன்னிரண்டு நிமிடம், பச்சை.

“பதட்டத்துல நேரம் அதிகமாத் தோணும்மா. பன்னெண்டு நிமிஷத்துல டாக்டர் பாத்திருக்காங்க, இதோ பாருங்க.” திரையை அவர் முகத்துக்கு நேராகவே திருப்பினேன்.

“அப்ப நான் பொய் சொல்றனா?”

பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து நீட்டினார். வாசல் கவுண்டரில் கம்ப்யூட்டர் அச்சடித்துத் தரும் ஓ.பி. சீட்டு. அதில் 9:10. என் திரையில் அவர்கள் வந்த நேரம் 10:32.

அன்று பணியில் இருந்த மாணவியை அறைக்கு அழைத்தேன். அழுதுகொண்டே சொன்னாள்.

“வந்த நேரத்தைக் கடைசியாத்தான் சார் போடுவோம். நாங்க பாத்த நேரத்துக்குப் பத்து, பன்னெண்டு நிமிஷம் முன்னாடிதான் வந்த மாதிரி போடுவோம். சேர்ந்த அன்னிக்கே சீனியர்ஸ் சொல்லிக் குடுத்துடுவாங்க. சிவப்பு வந்தா நீங்க விட மாட்டீங்களே சார். அன்னிக்கு நான் ஒருத்திதான். உள்ள இன்னொருத்தருக்கு மூச்சு நின்னுடுச்சு.”

சிவப்பைச் சிவப்பாகவே விட்டிருந்தால், அங்கே இன்னொரு டாக்டர் வேண்டும் என்பது எனக்கு எப்போதோ தெரிந்திருக்கும். அதற்காகத்தான் அந்தக் கருவியையே செய்தேன். நானே அதன் வாயைக் கட்டிப்போட்டேன். ஒன்றரை மணி நேரம் முன்னால் பார்த்திருந்தால் அந்தக் கால் பிழைத்திருக்கும் என்றே நம்புகிறேன்.

கட்டுரையைத் திரும்பப் பெற்றேன். கால் போனபோது வாய் திறக்காத நிர்வாகம், கட்டுரை போனதும் துக்கம் விசாரித்தது. அந்தப் பெண்ணிடம் போய், “நீங்க சொன்னதுதான் சரிம்மா, தப்பு என்னோடது” என்றேன்.

இப்போது கணவர் செயற்கைக் காலில் நடக்கப் பழகுகிறார். என்னைப் பார்த்தால் வணக்கம் வைக்கிறார், சிரிக்கக்கூடச் செய்கிறார். மனைவி சிரிப்பதில்லை. அந்த ஓ.பி. சீட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறார். ஒவ்வொரு முறை பரிசோதனைக்கு வரும்போதும், நான் எதுவும் கேட்பதற்கு முன்பே, அதை எடுத்து என் மேசையில் வைத்துவிடுகிறார்.