அரசர்களுக்கு வைத்த மொய்

பிள்ளைகளே, கம்ப்யூட்டரில் நாடு ஆளும் விளையாட்டில் ஆரம்பத்திலேயே கஜானாவைக் காலி செய்யக்கூடாது என்பதை நான் ஓர் ஆட்டுக்குட்டியைக் கொடுத்துத் தெரிந்துகொண்டேன். நீங்கள் சும்மாவே தெரிந்துகொள்ளுங்கள்.

ஒன்பதாவது படிக்கும் என் மகள், மல்லசமுத்திரத்தில் இருக்கும் என் தம்பி மகளோடு இந்த ஆட்டம் ஆடினாள். ஒருத்தி தன் முறையை முடித்தால்தான் அடுத்தவள் ஆட முடியும். ஆளுக்கு ஒரு நாடு. போதாததற்குக் கம்ப்யூட்டரே ஆட்டிவைக்கும் நான்கு அரசர்கள். தலைநகரை இழப்பவள் தன் மேச்சேரிச் செம்மறிக் குட்டியை மற்றவளிடம் கொடுத்துவிட வேண்டும் என்று பந்தயம். என் மகளின் குட்டி அவள் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தது. அவள் குரல் கேட்டால்தான் தழை தின்னும்.

இடையில் கோ-கோ போட்டிக்காக மூன்று நாள் சேலம் போக வேண்டி வந்ததால், நாட்டை என்னிடம் ஒப்படைத்தாள். கையிருப்பு நூற்றிருபது பொன். முறைக்கு எட்டுப் பொன் வரவு, படைக்கு ஆறு பொன் செலவு.

"ஒண்ணும் வாங்கிப்போடாதீங்கப்பா. நூத்தம்பது சேந்ததும் நான் வந்து சந்தை கட்டோணும். அதுவரைக்கும் முறையை முடிக்கற பட்டனை மட்டும் அமுத்துங்க" என்றாள்.

நான் எட்டாவது படித்து, பதினைந்து வருடம் லாரி ஓட்டியவன். நிற்கிற வண்டிக்கும் செலவு உண்டு என்று தெரிந்தவன். வாங்காதே என்றாள், வாங்கவில்லை. கொடுக்காதே என்று அவள் சொல்லவில்லை.

முதல் நாளே ஓர் அரசர் திரையில் வந்து, தம் ஊரில் கோயில் கட்டி முடித்ததாகச் சொல்லிக் கும்பிட்டார். வீடு தேடி வந்து சொன்னவருக்கு வெறுங்கையைக் காட்டுவதா? பரிசு அனுப்ப ஒரு பட்டன் இருந்தது. இருபது பொன் வைத்தேன். தெரிந்தால் வருத்தப்படுவார்களே என்று மற்ற மூவருக்கும் பத்துப் பத்து. மொய் நோட்டில் எழுதும்போது தகப்பனார் பெயர் தெரியாததால் 'தாடிக்காரர்', 'தலைப்பாகைக்காரர்' என்று குறித்துக்கொண்டேன்.

மறுநாள் தம்பி மகள் அரண்மனை திறந்தாள். ஆட்டத்தில் அவள் எதிரிதான். ஆனால் தாடிக்காரருக்கு இருபது வைத்துவிட்டுப் பங்காளி வீட்டுப் பிள்ளைக்குக் குறைத்து வைத்தால், தம்பி முகத்தில் எப்படி விழிப்பது? மிச்சமிருந்த எழுபத்திரண்டையும் அப்படியே வைத்தேன்.

வைத்தது திரும்பி வர வேண்டுமானால் நம் வீட்டிலும் விசேஷம் நடக்க வேண்டுமல்லவா? திருவிழா என்றொரு பட்டனை அமுக்கினேன். அது முறைக்கு ஐந்து பொன் தின்றது. எட்டு வரவு, பதினொன்று செலவு. நான்கு அரசர்களும் திரையில் சிரித்தபடி நின்றார்களே தவிர, ஒருவரும் கையை மடிப்பக்கம் கொண்டுபோகவில்லை. கஜானா பூஜ்யத்துக்குக் கீழே போனதும் வீரர்கள் தாமாகவே கலைந்தார்கள். லாரிக்காரர்கள் நாங்களாவது பேட்டாக் காசு வராவிட்டால் முதலாளியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் வண்டியைவிட்டு இறங்குவோம்.

விசேஷத்துக்கு வந்தது தம்பி மகள் ஒருத்திதான். குதிரைப்படையோடு வந்தாள். எல்லாம் என் மொய்யில் வாங்கிய குதிரைகள். தலைநகர் போயிற்று.

சேலத்திலிருந்து வந்த மகள் திரையைப் பார்த்தாள், பிறகு நோட்டைப் பார்த்தாள்.

"எதிரிக்கேவா மொய் வெச்சீங்க?"

"எதிரி யாரு சாமி, உங்க சித்தப்பன் புள்ள."

அவள் நோட்டை மூடி வைத்தாள். ஆட்டுக்கொட்டகைக்குப் போய்க் குட்டியின் கழுத்தைத் தடவிக்கொண்டு வெகுநேரம் நின்றாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் குட்டியை மடியில் வைத்துக்கொண்டு என் பைக்கில் மல்லசமுத்திரம் வந்தாள். தம்பி மகள் வாசலிலேயே வாங்கிக்கொண்டாள். நான் நோட்டை எடுத்தேன்.

"பெரீப்பா, இது பந்தயக் குட்டிங்க. மொய்யில சேத்திராதீங்க" என்றாள்.

அப்படியானால் அந்த எழுபத்திரண்டு என்ன ஆகும் என்று கேட்டேன். எங்கள் வீட்டில் விசேஷம் வந்தால் அதைத் திருப்பி வைப்பதாகச் சொன்னாள்.

என் மகள் அதைப் பிடித்துக்கொண்டாள். "அடுத்த ஆட்டத்துல நானும் அரண்மனை தொறக்கறேன். அந்த மொய்யக் குட்டியாவே வெச்சுப்போடு."

தம்பி மகள் குட்டியைப் பார்த்தாள். அது அவள் நீட்டிய தழையை மோந்துகூடப் பார்க்கவில்லை.

"வெக்கறேங்க்கா. ஆனா சந்தையைக் கட்டிப்போட்டுத் தொறங்க. இல்லீன்னா மறுக்காவும் தலைநகரை நானே புடிச்சுக்குவேன்."

இப்போது புது ஆட்டத்தில் மகளின் கையிருப்பு நூற்றுநாற்பது. நேற்றுத் தலைப்பாகைக்காரர் வந்து கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். அதோடு சரி.