கடைசி சீட்டின் இரண்டாவது சீசன்

எங்கள் கம்பெனி பஸ்ஸில் சீசன் ஒன்று உசத்தியா, சீசன் இரண்டு உசத்தியா என்ற சண்டை காலை ஆறு பத்துக்கு ராஜகீழ்ப்பாக்கத்தில் தொடங்கினால், படப்பை தாண்டியும் ஓயாது. நான் ஏறுவதும் ராஜகீழ்ப்பாக்கத்தில்தான். அதனால் கொளுத்திப் போடுகிறவன் நான்தான் என்று ஒரு பேச்சு உண்டு. அது பொய்யில்லை.

விஷயம் ஒரு போலீஸ் தொடர். ஊரே பார்த்துவிட்டுக் கொண்டாடிய தொடர். டிரைவர் அண்ணன் தன் செல்போனை ஒயர் போட்டு பஸ் டிவியில் மாட்டி, தினம் ஓர் எபிசோடு ஓட்டுவார். முதல் சீசனில் நகைக்கடைக்காரர் கொலை, கோர்ட்டு, வக்கீல்கள், பக்கம் பக்கமாக வசனம். இரண்டாவதில் ஓர் உப்பளத்து ஊர், காணாமல் போன பள்ளிக்கூட வாத்தியார், அவரைத் தேடி வரும் இன்ஸ்பெக்டர் அம்மா. இரண்டையும் முடித்துவிட்டோம். மூன்றாவது வர ஒரு மாதம் இருந்தது. அதுவரை பழையதில் எதைத் திரும்ப ஓட்டுவது என்பதில்தான் பஸ் இரண்டாகப் பிளந்தது.

பிளப்பதற்கு வசதியாக ஒரு கோடும் ஏற்கெனவே இருந்தது. நீலச் சட்டை போட்ட பெர்மனென்ட் ஆட்கள் முன்னால் உட்காருவார்கள். சாம்பல் சட்டை போட்ட கான்ட்ராக்ட் ஆட்கள் பின்னால். யாரும் எழுதி ஒட்டவில்லை, ஆனால் முன்சீட்டு காலியாக இருந்தாலும் சாம்பல் சட்டை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வரும். டிவி முன்னால். ஸ்பீக்கர் இரண்டும் முன்னால். பின்னால் எங்களுக்கு வந்து சேருவது படம் மட்டும். வசனம் வரவேண்டிய இடத்தில் ஜன்னல் கண்ணாடி கடகடவென்று நடுங்கும்.

முதல் சீசன் முழுக்க நாங்கள் தூங்கினோம். கறுப்பு கோட்டுப் போட்டவர்கள் வாயை வாயை அசைத்தால் எவ்வளவு நேரம் பார்ப்பது? இரண்டாவது சீசன் வந்தபோது எனக்குப் பொறுக்கவில்லை. உதடு அசைகிறது, சத்தம் இல்லை. என் வாய் சும்மா இருக்குமா? கடைசி சீட்டில் உட்கார்ந்துகொண்டு நானே பேச ஆரம்பித்தேன். இன்ஸ்பெக்டர் அம்மாவுக்கு ஒரு குரல், திருட்டு முழி முழிக்கும் ஏட்டுக்கு ஒரு குரல், உப்பளத்தில் வேலை செய்யும் தாடிக் கிழவனுக்கு ஒரு குரல். என்ன வசனம், என்ன கதை, எல்லாம் என் இஷ்டம். பின்சீட்டில் ஒருவர்கூடத் தூங்கவில்லை.

ஓட்டெடுப்பு என்று சொன்னவர் எங்கள் லைன் சூப்பர்வைசர். டிப்ளமா படித்தவர், முதல் சீசன் வக்கீல் வசனங்களை மனப்பாடமாகச் சொல்லுகிறவர். தாம்பரம் தாண்டி முடிச்சூர் ரோட்டில் பஸ் திரும்பியதும் எழுந்து நின்று, முன்பக்கம் மட்டும் பார்த்து, "சீசன் ஒன் வேணும்னு நினைக்கிறவங்க கை தூக்குங்க" என்றார்.

"சார், பின்னாடி கீறவன்லாம் ஆளு இல்லையா?" என்று கத்தினேன்.

"உனக்கு எது வேணும்?"

"சீசன் டூ."

"டேய், நீ கடைசி சீட்ல உட்கார்ந்து வேடிக்கை பார்க்குறவன். உங்களுக்கு ஒரு டயலாக் காதுல விழுந்திருக்குமா? சீசன் டூவில உப்பளத்தைத் தவிர என்னடா இருக்கு?"

"உங்க சீசன் ஒன்னுல கோர்ட்டைத் தவிர இன்னா சார் கீது? என் மாமா சொத்துத் தகராறுல தினம் செங்கல்பட்டு கோர்ட்டுக்குப் போறாரு. அவரைப் பார்த்தா எனக்குப் போதும்."

முன்னால் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். அது அவருக்குச் சுருக்கென்று தைத்தது. "சரி. சீசன் டூ பத்தி நான் கேட்கிற கேள்விக்குப் பின்சீட்டுல யாராவது பதில் சொல்லுங்க. சொல்லிட்டா உங்க இஷ்டப்படி ஓட்டலாம். சொல்லலைன்னா, இந்த மாசம் பூரா நீ பஸ்ஸுல வாயே திறக்கக் கூடாது. ஏறினதுலேருந்து கம்பெனி கேட்டு வரைக்கும். சம்மதமா?"

முன்சீட்டுகள் கைதட்டின. பதினொன்றாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் நான். கையில் சர்டிபிகேட் கிடையாது, காசு கிடையாது. இந்த பஸ்ஸில் நான் யார் என்றால், என் வாய்தான். அதையும் பிடுங்கிவிட்டால் நான் வெறும் சாம்பல் சட்டை.

"சம்மதம் சார்" என்றேன்.

"வாத்தியாரைக் கொன்னது யாரு?"

நான் வாயைத் திறப்பதற்குள் பேக்கிங் செக்‌ஷன் அக்கா முந்திக்கொண்டார். என் வசனத்தை ஒரு நாள்கூடத் தவறவிடாத ரசிகை. "இன்னா சார், அவரு எங்க செத்தாரு? உசிரோடதான கீறாரு!"

சூப்பர்வைசர் அக்கா பக்கம் திரும்பினார். "உயிரோட இருக்காரா?"

"ஆமா. தாடி வெச்சுகினு உப்பு வாரிகினு கீறாரே, அந்தக் கிழவன்தான வாத்தியாரு."

"அக்கா, மூணாவது எபிசோடிலேயே பாடி கிடைச்சுடுச்சு! கொன்னது அவரோட தம்பி, நிலத்துக்காக!"

"அது அவரு சட்டையைப் போட்டுகினு இருந்த வேற ஆளு சார். நீங்க சரியாப் பார்க்கல."

முன்பக்கம் வெடித்தது. சீட்டைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். அக்கா திரும்பி என்னைப் பார்த்தார். பின்சீட்டு மொத்தமும் பார்த்தது. ஒரு சீசன் முழுக்க நான் விட்ட கதையை உண்மை என்று நம்பியிருக்கிறார்கள் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. "டேய், அதெல்லாம் நீயா சொன்னதா?" என்றார் அக்கா மெதுவாக. அந்தச் சிரிப்பைக்கூடத் தாங்கிவிட்டேன். இந்தக் கேள்வியைத்தான் தாங்க முடியவில்லை.

"வாயை மூடு தம்பி" என்றார் சூப்பர்வைசர். "ஒரு மாசம்."

அதற்குள் படப்பை மார்க்கெட் வந்து, வழக்கம்போல லாரிகளுக்கு நடுவில் பஸ் மாட்டிக்கொண்டு நின்றது. டிரைவர் அண்ணன் இன்ஜினை அணைத்துவிட்டுத் திரும்பினார். சிரிக்காத ஒரே முன்சீட்டு அவருடையதுதான். "இரு சார். எனக்கு அந்தக் கதையைக் கேக்கணும். இன்னாடா, வாத்தியாரு இன்னாத்துக்கு ஓடி ஒளிஞ்சாரு?"

"பேசக் கூடாதுன்றாரே அண்ணா."

"வண்டி என்னுது. பேசு."

சூப்பர்வைசர் கையைக் கட்டிக்கொண்டார். "பேசட்டும். ஆனா நான் சொல்ற சீன். ஏழாவது எபிசோடு, உப்பளத்துல அந்தம்மா கிழவன்கிட்ட லாரி நம்பர் கேட்கும். கிழவன் கண்ணு தெரியாதும்பான். மூணு நிமிஷம் அதேதான். உங்க சீசன் டூவோட லட்சணம் அது. சத்தத்தை நிறுத்திட்டுப் போடுங்க அண்ணா. பார்ப்போம், இவன் என்ன பண்றான்னு."

இடைவழியில் முன்னால் நடந்து போய் டிவி பக்கத்தில் நின்றேன். அத்தனை நீலச் சட்டைகளை எதிர்முகமாக நான் பார்த்தது அன்றுதான் முதல் முறை. படம் ஓடியது. வெயில், வெள்ளை வெளேரென்று உப்பு, இன்ஸ்பெக்டர் அம்மா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கிழவனிடம் நடந்து வருகிறார். உதடு அசைந்தது. பின்சீட்டில் பேசிய அதே வசனத்தை எடுத்தேன்.

"சார், என்னைத் தெரியுதா? ஏழாங்கிளாஸ். கணக்குப் போடலைன்னு வெளிய நிக்க வெச்சீங்க."

கிழவன் தலை நிமிராமல் உப்பை வாரினான். அவனுக்கு அடித்தொண்டையில் பேசினேன். "எத்தனையோ பேரை நிக்க வெச்சேன்மா. உன்னை எப்படி ஞாபகம் இருக்கும்?"

அடுத்து அம்மாவின் முகம் மட்டும், பெரிதாக. இந்த இடத்தில் நான் பின்சீட்டில் எப்போதும் ஒரு கிண்டல் வசனம் வைப்பேன். அது வாயில் வரவில்லை. நான் பள்ளிக்கூடத்தில் பாதி நாள் வராண்டாவில் நின்றவன். என்னவோ வந்தது, சொல்லிவிட்டேன்.

"நிக்க வெச்சதுக்குக் கோவம் இல்ல சார். பெல் அடிச்சதும் நீங்க பாட்டுக்கு வீட்டுக்குப் போயிட்டீங்க. உள்ள வான்னு இன்னும் நீங்க சொல்லல. நான் இன்னும் வெளியதான் நிக்கிறேன்."

கிழவன் மண்வெட்டியைக் கீழே போட்டான். உண்மையில் லாரி நம்பர் தெரியாது என்று கையை விரிக்கிறானாம். விரித்த அந்தக் கைகளைப் பார்த்துச் சொன்னேன்: "உள்ள வாம்மா."

யாரும் சிரிக்கவில்லை. எங்களுக்கு முன்னால் நின்ற லாரி எப்போதோ போய்விட்டது. பின்னால் நின்ற வண்டிகள் எல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. டிரைவர் அண்ணன் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, வண்டி எடுங்க" என்று ஒரு நீலச் சட்டை சொன்னது. பிறகு, "சீசன் டூவே போடுங்க. சத்தம் வேணாம். இவன் பேசட்டும்."

"கை தூக்குங்கப்பா" என்று அக்கா பின்னாலிருந்து அதிகாரமாகக் கூப்பிட்டார். இந்தத் தடவை பஸ் முழுக்கப் பார்த்துக் கேட்டார். நீலமும் சாம்பலுமாகக் கைகள் எழுந்தன. சூப்பர்வைசர் கை மட்டும் கட்டியபடியே இருந்தது. கம்பெனி கேட்டு வருகிற சமயத்தில், தலையைச் சொறிவது மாதிரி அதுவும் மேலே போனது. நான் பார்த்துவிட்டேன். "சார், தலையில பேன் கீதா? இன்னா சொறியறீங்க?" என்று உடனே கேட்டும்விட்டேன். விடுவேனா?

அந்த மாதம் முழுக்க டிவி பக்கத்தில் நின்றுகொண்டே வேலைக்குப் போனேன். நான் பேசுவது காதில் விழவேண்டும் என்று சாம்பல் சட்டைகள் முன்னால் வந்தன. இடமில்லாத நீலச் சட்டைகள் பின்னால் போயின. அக்கா இரண்டாவது வரிசை ஜன்னலை விட்டு நகரவே இல்லை. என் தொண்டை கட்டிக்கொண்ட ஒரு நாள், மூன்று பேர் மூன்று டப்பாவில் மிளகுப் பால் கொண்டுவந்தார்கள். மூன்றையும் குடித்தேன்.

ஒரு திங்கட்கிழமை கேன்டீனில் சூப்பர்வைசர் தட்டோடு வந்து என் எதிரில் உட்கார்ந்தார். ரசத்தைக் கலக்கிக்கொண்டே ஆரம்பித்தார்.

"நேத்து வீட்டுல அந்த ஏழாவது எபிசோடைப் போட்டேன்டா. பொண்டாட்டி, பொண்ணு ரெண்டு பேரையும் உட்கார வெச்சு, பாருங்க, இப்ப அழுவீங்கன்னு சொன்னேன்."

"அழுதாங்களா சார்?"

"அது லாரி நம்பர்தானேடா கேட்குது! சரின்னு சத்தத்தை நிறுத்திட்டு நானே பேசிப் பார்த்தேன்."

"நீங்களா?"

"பொண்ணு உருண்டு உருண்டு சிரிக்கிறா." போனை எடுத்து என் தட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்து, ரெக்கார்டு பட்டனை அழுத்தினார். "அந்தம்மா பேசுறதை ஒரு தடவை சொல்லு. நல்லா சத்தமா சொல்லு."

கையைக் கழுவிக்கொண்டு வந்து, கேன்டீன் நடுவில் நின்று சொன்னேன்.